குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் நிற்கிற ஆள்: டேவிட் கட்க்ளிஃப்பின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல், படிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு அமெரிக்கன் ஃபுட்பால். "எனக்கு அந்த ஆட்டமே புரியாதே"ன்னு ஓடிடாதீங்க. ஆட்டத்தைவிட ஒரு வேலையைப் பற்றித்தான் பேசப் போறோம். ஒருத்தருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்து, அவர் பெரிய ஆளாகிப் போன பிறகு, அடுத்த பையனுக்கு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கிற வேலை.

ஒரு தேதியிலிருந்து தொடங்கலாம். 2019 செப்டம்பர் 22. நியூயார்க் ஜயன்ட்ஸ் டீமில் கிட்டத்தட்ட 15 வருஷமா குவார்ட்டர்பேக்கா இருந்த ஈலை மேனிங், அன்னைக்கு ஓரத்தில் நின்னு பார்க்கிறார். 2 சூப்பர் பவுல் ஜெயிச்சவர். அவர் இடத்தில் டேனியல் ஜோன்ஸ்னு ஒரு புதுப் பையன் இறங்குறான். ஜயன்ட்ஸ் 32-31ன்னு ஜெயிக்குது.

இதில் சுவாரஸ்யம் என்னன்னா, வெளியே உட்கார்ந்தவருக்கும் உள்ளே இறங்கினவருக்கும் காலேஜ் கோச் ஒரே ஆள்தான். ஈலையோட அண்ணன் பெய்டன் மேனிங்குக்குக் காலேஜில் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். பேர் டேவிட் கட்க்ளிஃப். அவர் காலேஜ் டீமுக்காக ஒரு மேட்ச்கூட ஆடினதில்லை.

முதல்ல, குவார்ட்டர்பேக் யார்?

சுருக்கமா சொல்லிடறேன். ஒரு பக்கம் 11 பேர், எதிர்ப்பக்கம் 11 பேர். பந்து கையில் இருக்கிற டீமுக்கு 4 வாய்ப்பு. அதுக்குள்ள 10 யார்டு, அதாவது சுமார் 9 மீட்டர் முன்னேறணும். முன்னேறினா இன்னொரு 4 வாய்ப்பு. இல்லைன்னா பந்து எதிராளிக்கு.

ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதல்ல குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும். அவர் அதை ஓடுறவர் கையில் கொடுக்கலாம், இல்லைன்னா தூரத்தில் ஓடிக்கிட்டிருக்கிற ரிசீவருக்கு எறியலாம். எறிய அவருக்குக் கிடைக்கிற நேரம் பெரும்பாலும் 3 விநாடிக்குள்ள. எதிர்ல 100 கிலோவுக்கு மேல எடையுள்ள ஆளுங்க அவரைச் சாய்க்கிறதுக்காகவே ஓடி வர்றாங்க. கிரிக்கெட்டில் கேப்டன், ஓப்பனர், கீப்பர் மூணையும் ஒரே ஆள் பார்த்தா எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி.

அந்த ஒருத்தருக்குன்னே தனியா இருக்கிறவர்தான் குவார்ட்டர்பேக் கோச். எல்லாரும் நினைக்கிற மாதிரி அவர் வேலை கையில் ஆரம்பிக்கிறதில்லை, காலில்தான் ஆரம்பிக்குது.

கால்தான் கடிகாரம்

பந்து வாங்கினதும் குவார்ட்டர்பேக் பின்னாடி போவார். 3 ஸ்டெப் போகணுமா, 5 ஸ்டெப் போகணுமாங்கிறது முன்னாடியே முடிவு பண்ணினது. 5-வது ஸ்டெப்பில் பின்னங்கால் தரையில் ஊன்றும்போது கண் முதல் ரிசீவர் மேல இருக்கணும். அவர் ஃப்ரீயா இருந்தா உடனே எறியணும். இல்லையா, சின்னதா ஒரு அரை ஸ்டெப் முன்னாடி வச்சு, கண்ணை இரண்டாவது ஆள் பக்கம் திருப்பணும். அங்கயும் இல்லைன்னா இன்னொரு அரை ஸ்டெப், மூணாவது ஆள்.

தலைக்குள்ள "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணிக்கிட்டு இருக்க நேரம் கிடையாது. அதனால கால்தான் கடிகாரம். கால் தப்பா நின்னா கண் லேட்டாகும். கண் லேட்டானா பந்து எதிராளி கையில். இடுப்பும் காலும் சரியா இல்லைன்னா எறியிற வேகமும் போயிடும்.

இதை ஒருநாள் சொல்லிக்கொடுத்து முடிக்க முடியாது. ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப, வீடியோவை நிறுத்தி நிறுத்தி, "இங்க பாரு, உன் கால் எங்க இருக்கு"ன்னு காட்டணும். கட்க்ளிஃப் பேர் வாங்கினது இந்த மாதிரி அடிப்படைகளில்தான்.

படிக்கட்டு ஏறின விதம்

1954-ல் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் பிறந்தவர். அலபாமா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, பியர் பிரையன்ட்ங்கிற புகழ்பெற்ற கோச்சோட அணியில் மாணவர் உதவியாளரா வேலை பார்த்தார். படிப்பு முடிச்சு, தான் படிச்ச பேங்க்ஸ் ஹைஸ்கூலுக்கே கோச்சா போனார்.

1982-ல் டென்னசி பல்கலைக்கழகத்தில் பார்ட்-டைம் வேலை. அங்க டைட் எண்ட், ரன்னிங் பேக்னு மத்த பொசிஷன்களுக்கெல்லாம் கோச்சா இருந்துட்டு, 1990-ல்தான் குவார்ட்டர்பேக் கோச் ஆனார். உள்ளே வந்து 8 வருஷம். 1993-ல் மொத்த ஆஃபென்ஸுக்கும் பொறுப்பாளர்.

1994 சீசனைப் பாருங்க. ஜெர்ரி கோல்க்விட், வருஷக்கணக்கா தன் முறைக்காகக் காத்திருந்த சீனியர். முதல் மேட்ச், ஏழாவது பிளே, முழங்கால் போச்சு. அடுத்து டாட் ஹெல்டன், பின்னாடி பேஸ்பாலில் பெரிய ஸ்டார் ஆனவர். சில வாரத்தில் அவருக்கும் காயம். அதுக்கப்புறம் அந்த இடத்தைப் பிடிச்சது முதல் வருஷம் படிக்கிற பெய்டன் மேனிங். மூணாவது, நாலாவது ஆளைக்கூட முதல் ஆள் மாதிரியே தயார் பண்ணி வைக்கணும்னு ஏன் சொல்றாங்கன்னு இப்போ புரியும். பெய்டன் 4 வருஷம் ஆடி, 1998-ல் என்எஃப்எல் டிராஃப்டில் முதல் ஆளா போனார்.

பெய்டன் போன அடுத்த வருஷமே டீ மார்ட்டின்ங்கிற இன்னொரு பையனோட டென்னசி 13-0, தேசிய சாம்பியன். 1998-ன் சிறந்த துணைக் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது கட்க்ளிஃப்புக்கு. ஆனா கடைசி மேட்சில் அவர் இல்லை. அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே மிசிசிப்பி பல்கலைக்கழகம், செல்லமா ஓல் மிஸ், அவரைத் தலைமைக் கோச்சா கூப்பிட்டுக்கிச்சு. 17 சீசன் உழைச்ச இடம் கோப்பை தூக்கும்போது ஆள் வேற ஊரில்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடணும். அவர்கிட்ட படிச்ச எல்லாரும் மேனிங் ஆகலை. ஹீத் ஷூலர் 1994 டிராஃப்டில் மூணாவது ஆளா போனார், என்எஃப்எல்-ல் எடுபடலை. பின்னாடி அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். கோச் அடிப்படையைக் கொடுக்கலாம். அதுக்கப்புறம் எந்த டீம், என்ன காயம், என்ன நேரம்ங்கிறது அவர் கையில் இல்லை.

11 மாசத்தில் வேலை போச்சு

ஓல் மிஸ்ஸில் ஈலை மேனிங் வந்தார். 2003 சீசனில் 10 வெற்றி, 3 தோல்வி. 2004 ஜனவரி 2-ல் காட்டன் பவுல் வெற்றி. ஈலையும் டிராஃப்டில் முதல் ஆள்.

இப்போ கட்க்ளிஃப் நிலைமையை யோசிங்க. ஒரு மாணவர் காலேஜ் டீமுக்கு ஆட முடியறது பொதுவா 4 சீசன்தான். நீங்க எவ்வளவு நல்லா சொல்லிக்கொடுத்தாலும், சரியா அவர் முழுசா தயாராகுற நேரத்தில் கிளம்பிடுவார். அடுத்த சீசன் ஓல் மிஸ் 4-7. 6 வருஷத்தில் தோல்வி அதிகமான சீசன் அது ஒண்ணுதான். 2004 டிசம்பரில் வேலையிலிருந்து எடுத்துட்டாங்க. காட்டன் பவுலிலிருந்து 11 மாசம். அவருக்குப் பின்னாடி வந்த 3 சீசனில் ஓல் மிஸ் ஜெயிச்சது மொத்தமே 10 மேட்ச்.

நோட்டர் டேம் பல்கலைக்கழகம் குவார்ட்டர்பேக் கோச் வேலைக்குக் கூப்பிட்டுச்சு. 2005 மார்ச்சில் அவருக்கு இதயத்தில் டிரிபிள் பைபாஸ் ஆபரேஷன். சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ராஜினாமா. 50 வயசு, வேலை இல்லை, உடம்பும் சரியில்லை. நிறைய பேர் கதை இங்கயே முடிஞ்சிருக்கும்.

டியூக்: முதல்லேர்ந்து

2006-ல் டென்னசிக்கே பழைய வேலைக்குத் திரும்பினார். 2007 டிசம்பரில் நார்த் கரோலினாவில் இருக்கிற டியூக் பல்கலைக்கழகம் தலைமைக் கோச்சா எடுத்துச்சு. டியூக்னாலே பாஸ்கெட்பால். ஃபுட்பாலில் 2006-ல் 0-12, 2007-ல் 1-11. விவரம் தெரிஞ்சவங்க யாரும் ஆசைப்பட்டுப் போற இடம் இல்லை. 2013-ல் அதே டீம் 10 மேட்ச் ஜெயிச்சது. 2015 டிசம்பரில் ஒரு பவுல் மேட்ச் வெற்றி, 1961-க்கு அப்புறம் முதல் தடவை.

இதுக்கு நடுவில் நடந்த ஒரு விஷயம்தான், எனக்கு இந்த மொத்த கதையிலேயே முக்கியமான இடம்.

2011. பெய்டன் மேனிங்குக்கு வயசு 35. கழுத்தில் பல ஆபரேஷன். நரம்பு பாதிச்சு, எறியிற கையில் பலமே இல்லை. அந்த சீசன் முழுக்க ஆடலை. அவர் நினைச்சா உலகத்தில் யாரை வேணும்னாலும் கூப்பிடலாம். அவர் போனது டியூக் மைதானத்துக்கு, தன் காலேஜ் கோச்கிட்ட.

அங்க ரெண்டு பேரும் கல்லூரி முதல் வருஷப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்திலிருந்து ஆரம்பிச்சாங்க. கால் எங்க, இடுப்பு எப்படித் திரும்புது, பந்து எப்போ கையை விட்டுப் போகுது. கையில் பழைய பலம் வராது, சரி, அப்போ காலும் நேரமும் முன்னைவிடச் சரியா இருக்கணும். 2012 மார்ச்சில் டென்வர் பிரான்கோஸ் அவரை எடுத்தது. 2013 சீசனில் 55 டச்டவுன் பாஸ், புது என்எஃப்எல் ரெக்கார்ட். 2016 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயிச்சார், அதுதான் அவரோட கடைசி மேட்ச்.

ஆபரேஷன் பண்ணின டாக்டர்களுக்கும் பெய்டனோட பிடிவாதத்துக்கும் இதில் பெரிய பங்கு இருக்கு. ஆனா எல்லாம் கைவிட்டுப் போற மாதிரி இருக்கும்போது ஒருத்தர் திரும்பிப் போற இடம்னு ஒண்ணு இருக்கில்லையா, அதுவா இருக்கிறதும் ஒரு வேலைதான். சம்பளச் சீட்டில் அதுக்குன்னு ஒரு வரி இருக்காது.

கடைசியா

டேனியல் ஜோன்ஸ் அந்த டியூக்குக்கு வந்தவர்தான். ஸ்கூலில் பெரிய காலேஜ்கள் யாரும் அவரைத் தேடி வரலை. 2019 டிராஃப்டில் ஆறாவது ஆளா ஜயன்ட்ஸ் எடுத்துச்சு. ஈலையோட இடத்துக்கு.

கட்க்ளிஃப் 2021-ல் 3-9 சீசனுக்கு அப்புறம் டியூக்கை விட்டுக் கிளம்பினார். அங்க அவர் கணக்கு 77 வெற்றி, 97 தோல்வி. அந்த நம்பரை மட்டும் பார்த்தா, சுமாரான கோச்னு நினைச்சுத் தாண்டிப் போயிடுவோம்.

உங்க வேலையிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். முதல் வருஷம் உங்க பக்கத்தில் உட்கார்ந்து, நீங்க பண்ணின தப்பை நிறுத்தி நிறுத்திக் காட்டின சீனியரோ, டீச்சரோ. நாம பிரமோஷன் வாங்கிக்கிட்டுப் போயிட்டோம். அவங்க இப்போ வேற ஒரு புதுப் பையனுக்கு அதையே முதல்லேர்ந்து சொல்லிக்கிட்டிருப்பாங்க. நம்பர் கையில் இருந்தா இன்னைக்கு ஒரு கால் பண்ணுங்க.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.