12 ஆண்டுகளில் சரிந்த 'ஆயிரமாண்டு' அரசு

ஆயிரம் ஆண்டுகள் நிலைக்கும் என்று பறைசாற்றப்பட்ட ஹிட்லரின் நாஜி அரசு 12 ஆண்டுகளும் சில திங்களுமே நின்றது. அது எழுந்த வரலாற்றையும் வீழ்ந்த வரலாற்றையும் ஏறக்குறைய 1,200 பக்கங்களில் எழுதியவர் வில்லியம் ஷைரர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர். 'மூன்றாம் ரைக்கின் எழுச்சியும் வீழ்ச்சியும்' என்ற அந்நூல் 1960இல் வெளிவந்தது.

ஷைரர் 1934இல் பெர்லினுக்குச் சென்றார். 1940 டிசம்பரில் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். ஹிட்லரின் கூட்டங்களை நேரில் கண்டவர். வானொலிச் செய்தியாளராகவும் பணியாற்றியவர். எனினும் கண்டதை மட்டும் நம்பி அவர் எழுதவில்லை. தோற்ற அரசின் கோப்புகள் நேச நாட்டுப் படைகளிடம் சிக்கின. வெளியுறவுத் துறையின் ஆவணங்கள் மட்டுமே 485 டன் என்கிறார். நியூரம்பர்க் விசாரணைப் பதிவுகளும் தளபதிகளின் நாட்குறிப்புகளும் அவருக்குத் துணையாயின. ஜெர்மானியரின் பழைய வரலாறு முழுவதுமே ஹிட்லரை நோக்கி நடந்தது போல் அவர் காட்டுவது மிகை என்று வரலாற்றறிஞர் பலர் குறை கூறினர். ஆயினும் இலட்சக்கணக்கானோர் அந்நூலை விரும்பிப் படித்தனர்.

கொடுங்கோலன் கோட்டையை உடைத்துக்கொண்டு வரவில்லை. திறந்த வாயில் வழியாகவே நுழைந்தான். 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தவை 12 இடங்களே. பின்னர் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. 1932இல் அறுபது இலட்சம் பேர் வேலையின்றித் தவித்தனர். அவ்வாண்டு ஜூலையில் அக்கட்சி 230 இடங்களைப் பெற்றது. 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் சட்டப்படியே ஆட்சித் தலைவராக அமர்த்தப்பட்டார். பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்ததும் குடியுரிமைகள் பறிக்கப்பட்டன. மார்ச் 23இல், நாடாளுமன்றத்தைக் கேளாமலே சட்டம் இயற்றும் அதிகாரத்தை அந்நாடாளுமன்றமே ஹிட்லருக்கு வழங்கியது. ஆதரவு 444, எதிர்ப்பு 94.

அந்த 444இல் கத்தோலிக்கரின் மையக் கட்சியும் அடங்கும் என்பது நம் நெஞ்சைச் சுடும் செய்தி. திருச்சபையின் உரிமைகள் காக்கப்படும் என்ற வாக்குறுதியை அக்கட்சியினர் நம்பினர். ஜூலை தொடக்கத்தில் அக்கட்சியே கலைந்தது. அதே திங்களில் வத்திக்கானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையையும் ஹிட்லர் மதிக்கவில்லை. கத்தோலிக்க இளைஞர் சங்கங்கள் ஒடுக்கப்பட்டன. பிள்ளைகள் ஹிட்லர் இளைஞர் படைக்கு இழுக்கப்பட்டனர்.

பின்னர் எதிர்ப்புக் குரல்கள் எழாமலில்லை. 1937 குருத்து ஞாயிறன்று, திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் ஜெர்மன் மொழியில் விடுத்த சுற்றுமடல் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. 1941 ஆகஸ்டில் மூன்ஸ்டர் ஆயர் வான் காலன், மனநோயாளர் கொல்லப்படுவதை மறையுரையில் வெளிப்படையாகக் கண்டித்தார். அத்திட்டத்தை நிறுத்துமாறு அம்மாதமே ஹிட்லர் ஆணையிட்டார். ஆயினும் கொலைகள் மறைவாகத் தொடர்ந்தன. அறுபது இலட்சம் யூதர்கள் அழிக்கப்பட்டனர். 1945 ஏப்ரல் 30இல் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டார். மே முதல் வாரத்தில் ஜெர்மனி சரணடைந்தது.

இந்நூலில் ஷைரர் தம்மைப்பற்றிக் கூறும் ஒன்று, குடும்பத்தினர் யாவரும் சிந்திக்கத்தக்கது. அயல்நாட்டுச் செய்தித்தாள்களை அன்றாடம் படிக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அரசின் செய்திகள் பொய் என்பதையும் அறிந்திருந்தார். இருந்தும், ஆண்டுக்கணக்கில் கேட்ட பொய்கள் தம் உள்ளத்திலும் தடம் பதித்தன என்கிறார். அறிந்தவர்க்கே இந்நிலை என்றால், வீட்டிலும் பள்ளியிலும் வேறு குரலே கேளாத பிள்ளைகளின் நிலை என்ன?

ஆகவே பெற்றோரே, ஓர் இனத்தாரை இழித்துப் பேசும் சொல் நம் இல்லத்தில் எழும்போதே அதனைத் தடுப்போம். நமக்கு மட்டும் பாதுகாப்புத் தருவதாக ஒருவர் கூறும்போது, அதன் விலையை யார் செலுத்தப்போகிறார் என்று கேட்கவும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். 1933 மார்ச்சில் கேட்கப்படாமற் போனது அக்கேள்வியே.