குளத்திலும் ஆற்றிலும் நீர்க்களை அகற்றுதல்: அனுமதியும் ஒழுங்கும்



காலபோகத்திற்கு நீர் திறக்கும் நாளிலே துருசின் வாயை ஆற்றுவாழையும் சல்வீனியாவும் அடைத்துக் கிடப்பின், வாய்க்காலின் கடைசியிலுள்ள வயலுக்கு நீர் எட்டாது. மாரியில் அதே களை வானிலே திரண்டு நீரைத் தடுப்பின் குளக்கட்டுக்கே ஆபத்து நேரும். ஆதலால் நீர்க்களையை அகற்றுதல் வேண்டும். எனினும், எவரும் எவ்விதமும் அகற்றலாம் என்று எண்ணுதல் தவறு.

இவ்விரு களைகளும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆற்றுவாழையைத் தடுக்க இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சல்வீனியா 1939இல் கொழும்பிலே தாவரவியற் கல்விக்காகக் கொண்டுவரப்பட்டு, பின் வெளியேறிப் பரவியது. பயிருக்குக் கேடு செய்வனவற்றைத் தடுப்பதற்கு இன்று நடைமுறையிலிருப்பது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமாகும். பூ அழகாயிருக்கிறதென்று ஆற்றுவாழையை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர், அயலவரின் குளத்திற்குத் தீங்கை விதைக்கிறார்.

முதலில், குளம் யாருடைய பொறுப்பிலுள்ளது என்பதை அறிந்துகொள்ளுங்கள். 80 ஹெக்டேயர், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் வரையான வயல்களுக்கு நீர் பாய்ச்சும் சிறுகுளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் கவனிக்கின்றது. இவற்றுக்கு உங்கள் கமக்காரர் அமைப்பின் மூலம் கமநல சேவை நிலையத்தில் விண்ணப்பித்தல் வேண்டும். பெருங்குளமாயின் நீர்ப்பாசனப் பொறியியலாளரையும், மகாவலிப் பிரதேசமாயின் அவ்வதிகார சபையின் அலுவலகத்தையும் நாடுங்கள். சரணாலயத்துள் அமைந்த நீர்நிலைக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. எங்கே யாரைக் கேட்பதென்று தெரியாவிடின் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

வாய்மொழியாகக் கேட்பதிலும் எழுத்திற் கேட்பதே நன்று. குளத்தின் பெயர், களை மூடிய பகுதி, வேலை செய்யும் நாட்கள், கையாலா இயந்திரத்தாலா அகற்றுவது, அகற்றிய களையை எங்கே குவிப்பது என்பவற்றைக் குறிப்பிடுங்கள். கட்டிலே இயந்திரம் ஏற்றுவதையும், அலைகரையைத் தோண்டுவதையும், துருசைத் தாமாகத் திறப்பதையும் அனுமதியின்றிச் செய்தலாகாது. களை எடுக்கப் புகுந்து கட்டைப் பலவீனப்படுத்தினால், அடுத்த மாரியில் ஊரே அதன் பலனை அனுபவிக்க நேரிடும்.

சிலர் களையை வானுக்கு மேலாகத் தள்ளி, வேலை முடிந்ததென்று வீடு செல்வர். இது மிகப் பொல்லாத வழக்கம். தள்ளிய களை கீழ்க்குளத்தையும் தாம்போதியையும் சேர்கின்றது. சல்வீனியாவின் ஒரு சிறு துண்டும் புதுச்செடியாகும்; ஏற்ற காலத்தில் சில நாட்களிலேயே இரட்டிக்கும். ஆகையால் மிதப்புக் கயிறோ மூங்கிலோ கொண்டு வளைத்துக் கரைக்கு இழுத்து, வெள்ளம் எட்டாத மேட்டிலே குவியுங்கள். சிறுபோக அறுவடையின் பின், நீர் வற்றிய காலம் இதற்கு உகந்தது. அடுத்த குளத்திற்குப் போகுமுன் வலையையும் தோணியையும் உழவு இயந்திரத்தின் சில்லுகளையும் கழுவுங்கள்.

களைநாசினி தெளிப்பதை நாம் விரும்பவில்லை. அந்நீரிலேயே மாடு குடிக்கின்றது, மக்களும் குளிக்கின்றனர். மேலும், களை முழுவதும் ஒருங்கே மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குன்றி மீன்கள் இறக்கும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பீடைநாசினிகளைக் கட்டுப்படுத்துகின்றது. சிட்டையில் கூறப்படாத தேவைக்கு எந்த நாசினியையும் உபயோகித்தலாகாது.

சல்வீனியாவுக்கு வேறொரு பகையும் உண்டு. 1986இல் கொண்டுவந்து விடப்பட்ட, இரண்டு மில்லிமீற்றர் அளவான கருநிறக் கூன்வண்டே அது. அதன் புழு தண்டைத் துளைக்கும். வண்டு குருத்தைத் தின்னும். களைப்படை கபிலநிறமாகிப் பின் தாழ்ந்துவிடும். உங்கள் குளத்திலே இவ்வாறு கபிலநிறத் திட்டுகளைக் கண்டால், அவற்றை வாரி எறியாதீர்கள். போதனாசிரியருக்கு அறிவித்து, துருசையும் வானையும் மாத்திரம் துப்புரவாக்குங்கள்.

தோட்டக்காரர் கேட்பது, இதனைப் பசளையாக்கலாமா என்பதே. ஆம், ஆக்கலாம். களையின் பெரும்பகுதி நீராதலால் முதலில் வெயிலிற் பரப்பி நன்றாக உலர்த்துங்கள். பின் மாட்டெருவும் வைக்கோலும் மாறிமாறி இட்டுக் குவித்து, உள்ளே சூடேறி மக்கும்வரை புரட்டி வாருங்கள். பூத்து விதைத்த ஆற்றுவாழையைச் சேர்க்காதீர்கள். அவ்விதை பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். பச்சைச் சல்வீனியாவை மிளகாய்ப் பாத்திக்கு மூடாக்காக இடுவோர், பாத்திக்கருகே கிணறும் வாய்க்காலும் இல்லாதவாறு பார்த்துக்கொள்ளவேண்டும்.