வால் மட்டும் பேசுவதில்லை

மும்பை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் அடுக்குமாடி வீடுகளில் நாய் வளர்க்கிறீர்களா? காலை நடையின்போது உங்கள் நாயை நோக்கித் தெருநாய் ஒன்று வாலை ஆட்டியபடி வருகிறதா? அது நட்போடுதான் வருகிறது என்று உடனே எண்ணிவிடாதீர்கள்.

வாலாட்டம் உள்ளக் கிளர்ச்சியின் அடையாளமே. நட்பின் உறுதிமொழி அன்று. எஜமானரைக் கண்ட நாய்களின் வால் வலப்புறமாகவும், பழகாத முரட்டு நாயைக் கண்டபோது இடப்புறமாகவும் அதிகம் அசைந்ததை 2007-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இந்நுண்ணிய வேறுபாட்டைத் தெருவில் நம் கண்கள் காண்பது அரிது. ஆகவே முழு உடலையும் கவனியுங்கள்.

உடல் தளர்ந்து, வால் அகலமாக அசைந்தால் நன்று. வளைந்து வந்து பின்புறத்தை முகர்வது நாய்களின் மரியாதை. முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்துவது விளையாட அழைப்பு. மாறாக, உடல் விறைத்து, வாய் மூடி, இமைக்காமல் உற்றுநோக்கினால், உயர்ந்த வால் துடித்தாலும் அது எச்சரிக்கையே. உங்கள் நாய் உதட்டை நக்கி, கொட்டாவி விட்டு, முகத்தைத் திருப்பினால் பெரும்பாலும் அது கலங்கியிருக்கிறது என்று அறியுங்கள்.

அப்போது சங்கிலியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். விலக வழியற்ற நாய் சீறும். சற்றுத் தளர்த்தி, வளைந்து விலகி நடந்துவிடுங்கள். சண்டை மூண்டால் இடையே கையை நுழைக்காதீர்கள். கடிபட்டால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நாய்க்கும் வெறிநோய்த் தடுப்பூசி தவறாதிருக்கட்டும்.