உங்களுக்குத் தெரியுமா? – இரட்டைத் தண்டவாளக் கதைகள்

கோவை எழுத்தாளர் ராஜேஷ்குமார் எழுதியிருக்கும் நாவல்கள் 1,500-க்கும் மேல்! அவற்றில் பலவற்றுக்கு ஓர் அபாரமான கட்டமைப்பு உண்டு. முதல் அத்தியாயத்தில் ஓர் ஊரில் கொலை விழும். இரண்டாவதில் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு குடும்பம் வரும். இரண்டு கதைகளும் மாறி மாறி ஓடி, கடைசிப் பக்கங்களில்தான் சந்திக்கும். எங்கே சந்திக்கும் என்று ஊகித்துக்கொண்டே படிப்பதுதான் அதன் ருசி. பேருந்துப் பயணத்துக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

எழுத்தாளர் சுஜாதாவின் ஈர்ப்பு வேறு. வக்கீல் கணேஷ் முதலில் 'நைலான் கயிறு' நாவலில் தனியாகத்தான் வந்தார். அவருடைய உதவியாளரான குறும்புக்கார வசந்த் பிறகு சேர்ந்துகொண்டார். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் கணேஷ்–வசந்த் நாவல்களைத் திரும்பப் படிக்கலாம். காரணம், துள்ளும் மொழியும் இருவரின் பேச்சும். மறுவாசிப்பு என்று வந்தால் என் ஓட்டு சுஜாதாவுக்கே.

எழுத்தாளர் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா துப்பறியும் கதைகளில், சுசீலாவின் டி-ஷர்ட் வாசகத்துக்காகவே காத்திருந்த வாசகர்கள் உண்டு.

எழுத்தாளர் சுபா? அது ஒருவர் அல்ல. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள். நரேந்திரன்–வைஜயந்தி துப்பறியும் கதைகளை எழுதிய இவர்கள்தான் 'அயன்' (2009), 'கோ' (2011) படங்களின் திரைக்கதையில் இயக்குநர் கே.வி.ஆனந்துடன் சேர்ந்து உழைத்தவர்கள். அந்தப் படங்களின் வேகம் எங்கிருந்து வந்தது என்பது இவர்களின் துப்பறியும் நாவல்களைப் படித்த வாசகர்களுக்கு உடனே புரிந்திருக்கும்.