சிங்கப்பூரில் இருந்து வந்தது யார்?

கூகுள் அனலிட்டிக்ஸ் காட்டும் பார்வையாளர்கள் எல்லாருமே மனிதர்கள் அல்ல. 'பாட்' எனப்படும் தானியங்கி புரோகிராம்களும் அந்தக் கணக்கில் கலந்து விடுகின்றன. வெப்சைட்டை நம்பித் தொழில் செய்பவருக்கு இது பண விஷயம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை நடத்தும் ஒரு அண்ணனின் தளத்தை விடுமுறை நாட்களில் நான் கவனித்துக் கொள்கிறேன். 2025 கடைசியில் ஒருநாள், "தம்பி, சிங்கப்பூர்ல தினமும் நம்ம சைட்டைப் பாக்குறாங்க. அங்க ஒரு ஏஜென்ட் அட்வான்ஸ் கேக்குறார், குடுத்துடலாமா?" என்றார். ரிப்போர்ட்டில் சென்னைக்கும் மேலே சிங்கப்பூர்! "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்தேன்.

வந்த எல்லாமே 'டைரக்ட்' வருகை. ஓரிரு விநாடிதான் தங்கல். இரண்டாவது பக்கத்தை யாரும் திறக்கவில்லை. அந்த மாதங்களில் சிங்கப்பூர், சீனாவின் லான்சோ ஆகிய ஊர்களின் பெயரில் இப்படிப் போலி வருகைகள் குவிவதாகப் பல நாடுகளிலும் புகார் எழுந்தது.

தெரிந்த பாட்களை அனலிட்டிக்ஸ் 4 தானாகவே நீக்கிவிடும். இதற்கு ஐஏபி அமைப்பின் பட்டியலையும் பயன்படுத்துகிறது. எத்தனை நீக்கியது என்று மட்டும் நமக்குக் காட்டாது. பட்டியலில் இல்லாமல், குரோம் பிரவுசர் போல வேடமிட்டு வருபவைதான் தப்பித்து விடுகின்றன.

இன்னொரு வகை தளத்திற்கே வராது. உங்கள் அனலிட்டிக்ஸ் ஐடி பக்கத்தின் சோர்ஸ் கோடில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. அதை எடுத்து நேராகக் கூகுள் சர்வருக்கே பொய்த் தகவல் அனுப்பலாம். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உங்கள் ஹோஸ்டிங்கில் சிபேனல் இருந்தால் 'ரா ஆக்சஸ்' சென்று லாக் பைலை டவுன்லோட் செய்யுங்கள். அனலிட்டிக்ஸ் சொல்லும் நேரத்தில் லாகில் வருகையே இல்லையென்றால், அது இந்தப் பேய் வருகைதான்.

லாகில் வருகை இருந்தால் கிளவுட்ஃப்ளேரின் இலவசக் கணக்கே போதும். சந்தேகமான நெட்வொர்க்கில் இருந்து வருபவர்களுக்கு மட்டும் சோதனை வைக்கலாம். கூகுள்பாட்டைத் தடுத்துவிடாதீர்கள், தேடலில் காணாமல் போவீர்கள். ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி பைலில் எழுதி வைப்பது வேண்டுகோள்தான். போக்கிரி பாட் அதை மதிக்காது.

ஏற்கெனவே பதிவான போலிகளை ரிப்போர்ட்டில் ஒதுக்கலாம். 'எக்ஸ்ப்ளோர்' சென்று புதிய செஷன் செக்மென்ட் உருவாக்கி, விலக்கும் பகுதியில் நாடு சிங்கப்பூர், வந்த வழி டைரக்ட் என்று இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துக் கொடுங்கள். நாட்டை மட்டும் கொடுத்து மொத்தமாக வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள ஊர் அது. உண்மையான வாடிக்கையாளர் ஒருவர் கூகுளில் தேடி வரலாம்.

அண்ணனின் தளத்தில் வாட்ஸ்அப் பட்டன் ஒன்று இருக்கிறது. வெளியே செல்லும் லிங்க்குகளின் கிளிக்கை அனலிட்டிக்ஸ் தானே பதிவு செய்யும். இப்போது நாங்கள் பார்ப்பது அந்த எண்ணிக்கையைத்தான். அதில் சென்னையும் ஓசூரும் வருகின்றன, சிங்கப்பூர் ஒன்றுகூட இல்லை. ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் போகவில்லை.

மறக்காமல் அட்மின் பகுதியில் 'டேட்டா ரிடென்ஷன்' அமைப்பை 2 மாதத்தில் இருந்து 14 மாதமாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எக்ஸ்ப்ளோரில் பழைய மாதங்களை ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.