ஒற்றை என்ஜின் விமானங்கள் விபத்துக்குள்ளாவது ஏன்? என்ஜின் நின்றாலும் தப்பலாம். வேகம் குறைந்தால் தப்புவது கடினம்

புரோத்ராபூர்: ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரை ஒட்டிய புரோத்ராபூர் மக்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. வீர சாவர்க்கர் விமான நிலையம் அருகிலேயே உள்ளது. பெரிய விமானங்கள் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் இங்கு வந்து சேர்கின்றன. ஆனால் தீவிலிருந்து தீவுக்குச் செல்ல கப்பலை விட்டால் ஹெலிகாப்டரும் சிறிய விமானமும்தான் வழி.

அப்படியொரு முயற்சியாக, பொதுத்துறை நிறுவனமான பவன் ஹன்ஸ் 'ஜல் ஹன்ஸ்' என்ற பெயரில் கடல் விமான சேவையைத் தொடங்கியது. 2010 டிசம்பர் 30 அன்று மும்பை ஜுஹுவில் அது தொடங்கி வைக்கப்பட்டது. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், திக்லிபூர் ஆகிய இடங்களை இணைத்த இந்த சேவைக்கு செஸ்னா கேரவன் வகை விமானம் பயன்படுத்தப்பட்டது. நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய அந்த விமானத்துக்கு ஒரே ஒரு என்ஜின். பின்னர் அந்த சேவை நின்றுபோனாலும், கடல் விமானம் குறித்த பேச்சு தீவுகளில் அவ்வப்போது எழுந்துகொண்டே இருக்கிறது. அதனுடன் பயணிகளின் கேள்வியும் எழுகிறது: இருப்பது ஒரே என்ஜின், நடுக்கடலுக்கு மேல் அது நின்றுவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் சிறிய விமான விபத்துகளின் வரலாறு அதற்கு எதிர்பாராத பதிலையே தருகிறது. அமெரிக்காவில் பல ஆண்டுகளாகத் தொகுக்கப்படும் விவரங்களின்படி, சிறிய விமான விபத்துகளில் ஏறத்தாழ பத்தில் ஏழுக்கு விமானியின் முடிவோ செயலோ காரணமாக இருந்துள்ளது. இயந்திரக் கோளாறு அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது.

என்ஜின் நின்றால் விமானம் கல்லைப் போல விழுவதில்லை

இறக்கத்தில் செல்லும் சைக்கிள், மிதிப்பதை நிறுத்தினாலும் ஓடும். விமானமும் அப்படித்தான். என்ஜின் நின்றதும் விமானி முன்பகுதியைச் சற்றுத் தாழ்த்தினால், உயரத்தைக் கொடுத்து வேகத்தைப் பெற்றுக்கொண்டு விமானம் மிதந்து இறங்கும். உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 விமானம், மணிக்குச் சுமார் 120 கி.மீ. வேகத்தைக் காத்துக்கொண்டால் 1,000 அடி உயரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை கி.மீ. தூரம் என்ஜின் இன்றியே செல்லும்.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அதற்குப் பின் நடப்பதுதான். புறப்பட்ட சில விநாடிகளில், 400 அல்லது 500 அடி உயரத்தில் என்ஜின் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடுபாதை பின்னால் இருக்கிறது. திரும்பிவிடலாம் என்றே மனம் சொல்லும். விமானி விமானத்தைச் சாய்த்துத் திருப்புகிறார். தரை நெருங்குவதைக் கண்டு முன்பகுதியை மேலே இழுக்கிறார். இறக்கைகள் காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுக்கு மீறியதும், அவற்றைத் தாங்கும் விசை திடீரெனச் சரிகிறது. இதையே விமானிகள் 'ஸ்டால்' என்கின்றனர்.

திரும்பும்போது இந்த ஆபத்து இன்னும் நெருங்குகிறது. 45 டிகிரி சாய்ந்து திரும்பும் விமானம் ஸ்டால் ஆகும் வேகம், நேராகப் பறக்கும்போது உள்ளதைவிட ஏறத்தாழ 19 சதவீதம் அதிகம்; 60 டிகிரி சாய்வில் 41 சதவீதம் அதிகம். அதாவது, நேராகப் பறக்கையில் போதுமானதாக இருந்த வேகம் திரும்பும்போது போதாமல் போகிறது. குறைந்த உயரத்தில் இது நிகழ்ந்தால் மீட்டெடுக்க இடமில்லை. புறப்பட்டவுடன் என்ஜின் நின்றால் நேர் எதிரே, சற்றே இடவலமாக இறங்க இடம் தேடுமாறு பயிற்சிப் பள்ளிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

2025 நவம்பர் 13 அன்று புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே நடந்ததை இங்கு நினைவுகூரலாம். சேலத்திலிருந்து வந்த செஸ்னா பயிற்சி விமானம் ஒன்று திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் அவசரமாகத் தரையிறங்கியது. முன்பகுதி சேதமடைந்தாலும் அதில் இருந்த இருவரும் உயிர் தப்பினர். கட்டுப்பாட்டுடன் தரையைத் தொட்ட விமானத்தில் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

ஆனால் கீரனூரில் நெடுஞ்சாலை இருந்தது. தெற்கு அந்தமானில் ஒருபக்கம் காடு அடர்ந்த குன்றுகள், மறுபக்கம் கடல். நேரான, அகலமான சாலைகள் குறைவு. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் நேர்க்கோட்டில் சுமார் 50 கி.மீ.தான் என்றாலும், வழியில் பெரும்பகுதி நீர். அங்கு பறப்பவருக்கு உயரமே சேமிப்பு. தாழப் பறப்பவரிடம் அந்தச் சேமிப்பு இல்லை.

வெப்ப மண்டலத்தில் பனிக்கட்டி

30 டிகிரி வெயிலில், வியர்வை வழியும் புழுக்கத்தில், என்ஜினுக்குள் பனிக்கட்டி உருவாகும் என்றால் நம்புவது கடினம். ஆயினும் சிறிய விமானங்களின் என்ஜின் நின்றுபோக இது நன்கு அறியப்பட்ட காரணம்.

செஸ்னா 152, பழைய செஸ்னா 172 போன்றவற்றின் பிஸ்டன் என்ஜின்களில் கார்புரேட்டர் உள்ளது. அதன் குறுகிய தொண்டை வழியே காற்று விரைந்து செல்கையில் அழுத்தம் குறைகிறது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. இவ்விரண்டாலும் உள்ளே வெப்பநிலை 30 டிகிரிக்கு மேலும் குறையக்கூடும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் உறைந்து, காற்று செல்லும் வழியை அடைத்துவிடும். குறிப்பாக, இறங்குவதற்காக என்ஜின் விசையைக் குறைக்கும்போது அடைப்பு எளிதில் ஏற்படுகிறது. ஆண்டின் பெரும்பகுதி ஈரக்காற்று வீசும் தீவுகளில் இதற்கான சூழல் எப்போதும் உண்டு.

இதற்கு மாற்று எளியது. விமானி ஒரு குமிழை இழுத்தால், புகைபோக்கியைச் சுற்றிச் சூடான காற்று உள்ளே சென்று பனியை உருக்கும். ஆனால் உருகிய நீர் என்ஜினுக்குள் செல்வதால் முதல் சில விநாடிகள் அது முன்பைவிட மோசமாகத் திணறும். அனுபவமற்றவர் அஞ்சி, குமிழை மீண்டும் உள்ளே தள்ளிவிடுகிறார். புலனாய்வாளர்களுக்கும் இது தலைவலி. அவர்கள் சிதைவுகளைச் சென்றடையும்போது பனிக்கட்டி உருகி, தடயமே இருக்காது. அன்றைய வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் வைத்தே முடிவுக்கு வர வேண்டியுள்ளது. ஜல் ஹன்ஸில் பயன்பட்ட கேரவன், டர்பைன் என்ஜின் கொண்டது. அதில் கார்புரேட்டர் இல்லாததால் இந்தச் சிக்கலும் இல்லை.

எரிபொருள் தீர்ந்துபோவதும் இன்றுவரை என்ஜின் நிற்க ஒரு காரணமாகவே உள்ளது. ஒரு தொட்டி காலியாகி, மற்றொன்று நிறைந்திருந்தும் குழாயை மாற்றித் திருப்ப மறந்ததால் விழுந்த விமானங்களும் உண்டு. பாதி நிறைந்த தொட்டிக்குள் இரவில் ஈரம் நீராகப் படிந்து அடியில் தங்குவது இன்னொரு வகை. ஒவ்வொரு முறையும் பறப்பதற்கு முன் தொட்டியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்து, நீர் உள்ளதா எனப் பார்ப்பது அதற்காகத்தான்.

அடிவானம் மறையும்போது

மேகத்துக்குள் நுழைந்ததும் உடல் பொய் சொல்லத் தொடங்குகிறது. அடிவானம் கண்ணுக்குத் தெரியாதபோது, காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு, மெதுவாகச் சாயும் விமானத்தை நேராகச் செல்வதாகவே உணர்த்தும். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1954-இல் நடந்த ஆய்வு ஒன்றில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேர், வெளிக்காட்சி மறைக்கப்பட்ட நிலையில் விமானத்தைச் செலுத்தினர். ஒருவர் பாக்கியின்றி அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குப் பிடித்த சராசரி நேரம் 178 விநாடிகள். அதே நபர்களுக்குக் கருவிகளைப் பார்த்துத் திரும்பி வெளியேறக் கற்றுக்கொடுத்தபின் ஏறத்தாழ எல்லாரும் வெற்றி பெற்றனர் என்பதும் அந்த ஆய்வில் உள்ளது. அதைப் பலரும் மேற்கோள் காட்டுவதில்லை.

மேகம் இல்லாமலும் இது நேரலாம். 1999 ஜூலை 16 இரவு, அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிச்சென்ற பைப்பர் சரடோகா விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்து, அவருடன் மனைவியும் மனைவியின் சகோதரியும் உயிரிழந்தனர். என்ஜினில் பழுது இல்லை. இருண்ட கடல், மங்கலான வானம், விளக்குகளற்ற வெளி ஆகியவற்றுக்கு இடையே விமானி திசையுணர்வை இழந்ததே காரணம் என அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது.

இந்தியாவில் 2023 ஜனவரி தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் ரேவா அருகே, மூடுபனி நிலவிய இரவில் பயிற்சி விமானம் ஒன்று கோயில் கோபுரத்தில் மோதி விழுந்ததில் விமானி உயிரிழந்தார். தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் எட்டுவது அந்தமான் பகுதியைத்தான். மே மாதத்தின் நடுப்பகுதியிலேயே அங்கு மேகங்கள் குன்றுகளைத் தொட்டு நிற்கும். 'இன்னும் பத்து நிமிடம்தானே' என்ற எண்ணம் மிகவும் ஆபத்தாவது அத்தகைய நாட்களில்தான்.

நீரில் இறங்கும் விமானங்களுக்கு மட்டும்

நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானத்தின் மிதவைகளுக்குள் சக்கரங்கள் மடங்கியிருக்கும். ஓடுபாதையில் இறங்கச் சக்கரம் வெளியே வேண்டும். நீரில் இறங்க அது உள்ளே இருக்க வேண்டும். மறந்து சக்கரத்துடன் நீரைத் தொட்டால், நீரின் இழுவை மிதவைகளைப் பிடித்து நிறுத்த, விமானம் தலைகுப்புறக் கவிழும். மாறாக, சக்கரமின்றி ஓடுபாதையில் இறங்கினால் பெரும்பாலும் உலோகம்தான் உரசும்.

அலையே இல்லாத நீரும் எதிரிதான். கண்ணாடி போல் அசையாத கடற்பரப்பில் உயரத்தைக் கண்ணால் கணிக்க முடியாது. வெளியாட்களுக்கு அழகிய காட்சியாகத் தோன்றும் அமைதியான விரிகுடாவில், விமானி கரையோரத்தை ஒட்டி, மிக மெதுவாக, ஒரே சீராக இறங்க வேண்டியிருக்கிறது.

பராமரிப்புக் குறைகள் எண்ணிக்கையில் குறைவு, விளைவில் கொடியவை. 2017 டிசம்பர் 31 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு வடக்கே கடல் விமானம் ஒன்று விழுந்து விமானி உட்பட 6 பேர் உயிரிழந்தனர். முதலில் குறைந்த வேகத்தில் திரும்பியதாகவே தோன்றியது. பின்னர் இரத்த மாதிரிகளில் கார்பன் மோனாக்சைடு கண்டறியப்பட்டது. புகைபோக்கியில் விரிசல், என்ஜினையும் விமானி அறையையும் பிரிக்கும் தடுப்புச் சுவரில் சில போல்ட்டுகள் இல்லை. அந்தத் துளைகள் வழியே வந்த மணமற்ற வாயு விமானியின் அறிவை மழுங்கடித்திருக்கக்கூடும் என அந்நாட்டு ஆய்வு அமைப்பு தெரிவித்தது. 2022 செப்டம்பர் 4 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 10 பேருடன் விழுந்த மற்றொரு ஒற்றை என்ஜின் கடல் விமானத்தில், வால் பகுதியை இயக்கும் கருவி கழன்றிருந்தது. அதைப் பூட்டி வைக்கும் சிறு வளையம் அங்கு இல்லை. உப்புக் காற்றில் உலோகம் விரைவில் அரிக்கும் தீவுகளில், ஒவ்வொரு நாளும் நன்னீரால் கழுவி, ஒவ்வொரு போல்ட்டையும் பார்ப்பது ஆடம்பரம் அல்ல.

பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. 1996 நவம்பர் 23 அன்று கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவு அருகே கடலில் இறங்கியபோது, உயிர்காப்பு உடையை உள்ளேயே ஊதிக்கொண்ட பயணிகள் பலர், நீர் புகுந்ததும் மேலே தள்ளப்பட்டு வெளியேற முடியாமல் இறந்தனர். அது பெரிய விமானம். ஆனால் விதி ஒன்றுதான். கவிழ்ந்த சிறு விமானத்தில் கதவு தலைக்கு மேலல்ல, நீருக்குக் கீழே இருக்கும். உடையை அணிந்துகொள்ளலாம், ஊதுவது கதவைத் தாண்டிய பிறகே.

இந்தியாவில் இத்தகைய விபத்துகளை 2012-இல் அமைக்கப்பட்ட விமான விபத்து புலனாய்வு அமைப்பு விசாரிக்கிறது. யார் மீதும் பழி சுமத்துவது அதன் நோக்கமல்ல என்று அதன் ஒவ்வொரு அறிக்கையிலும் குறிப்பிடப்படுகிறது. அந்த அறிக்கைகள் இணையத்தில் வெளியிடப்படுகின்றன, எவரும் படிக்கலாம்.