பசுமைப் பிரித்தெடுத்தலும் ஆவியாக்கும் செலவும்: வடசென்னையை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

தாவரங்களிலிருந்து பயன்தரு சேர்மங்களைப் பிரித்தெடுக்கும் ஆய்வுகளில் 'பசுமை முறை' என்னும் தொடர் இன்று பெருவழக்காகிவிட்டது. ஹெக்சேனை விலக்கி நீரையோ எத்தனாலையோ கரைப்பானாகக் கொண்டால் அம்முறை சூழலுக்கு இணக்கமானது எனக் கொள்ளப்படுகிறது. இது பாதி உண்மையே. கரைப்பானைப் பின்னர் நீக்குவதற்கு ஆகும் ஆற்றலையும் கணக்கிட வேண்டும் என்பதை இக்கட்டுரை வடசென்னைத் தொழிற்பகுதியை முன்வைத்து விளக்குகிறது.

கரைப்பானின் ஊற்று

ஹெக்சேன் கச்சா எண்ணெயிலிருந்து பெறப்படுவது. மணலி சுத்திகரிப்பு ஆலையின் விளைபொருள்களுள் ஒன்று. எளிதில் தீப்பற்றும், அதன் ஆவியை நீண்டகாலம் சுவாசிப்போரின் புற நரம்புகளைத் தாக்கும். அதைத் தவிர்ப்பதற்கான காரணங்கள் வலுவானவை. ஆயினும் அது கொழுப்பு, மெழுகு போன்ற முனைவற்ற சேர்மங்களைக் கரைப்பது; பாலிபீனால்களுக்கு நீரும் எத்தனாலுமே பொருந்துவன. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை அப்படியே வைத்துவிட இயலாது.

ஆவியாக்கும் செலவு

பால் அனஸ்டாசும் ஜான் வார்னரும் 1998-இல் வகுத்த பசுமை வேதியியலின் 12 கொள்கைகளுள் ஐந்தாவது கரைப்பானைப் பற்றியது; ஆறாவது ஆற்றல் சிக்கனத்தைப் பற்றியது. நம் ஆய்வேடுகளில் பல ஐந்தாவதோடு நின்றுவிடுகின்றன.

கொதிநிலையில் ஒரு லிட்டர் ஹெக்சேனை ஆவியாக்க ஏறத்தாழ 220 கிலோ ஜூல் வெப்பம் போதும். எத்தனாலுக்கு 660 அளவில் தேவை. நீருக்கோ சுமார் 2,200. அதாவது ஹெக்சேனைப்போல் பத்து மடங்கு. மின்கணக்கில் இது 0.6 யூனிட்டுக்குச் சற்று மேல். கருவியின் வெப்ப இழப்பும் வெற்றிட எக்கியின் செலவும் இதில் சேரவில்லை. நிலக்கரி மின்சாரத்தைக் கொண்டு மட்டுமே இதைச் செய்தால், ஒரு லிட்டர் நீர்ச்சாற்றை உலர்த்த ஏறத்தாழ அரைக் கிலோ நிலக்கரி எரிய வேண்டும்.

அந்த நிலக்கரி ஒடிசாவிலிருந்து கடல்வழியே எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வந்து, அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிகிறது. இந்திய நிலக்கரியில் சாம்பல் பொதுவாக 30 விழுக்காட்டுக்கு மேல். நீரில் கரைத்துக் குழாய்வழி அனுப்பப்பட்ட சாம்பல், குழாய்க் கசிவுகளால் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்தது. அக்கழிமுகத்தில் வளர்வது அவிசென்னியா மரைனா என்னும் வெண்கண்டல். ஃபிளேவனாய்டுகளுக்காக நாம் ஆராயும் தாவரங்களுள் ஒன்று. அதன் இலைச்சாற்றில் உலோகங்களின் அளவைச் சோதிக்காமல் மருத்துவப் பயன் பேசுவது பொருந்தாது.

குளிர்விக்கும் நீரும் கணக்கில் வரவேண்டும். 1879-இல் அறிமுகமான சாக்சுலெட் கருவியின் குளிர்விப்பானில் நிமிடத்திற்கு ஒரு லிட்டர் குழாய்நீர் எட்டு மணி நேரம் ஓடினால் 480 லிட்டர் வடிகாலுக்குப் போகும். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைக் காட்டுப்பள்ளியில் 2010-இல் அமைக்க நேர்ந்த நகரம் இது.

மாற்றுவழிகள்

மீயொலி, நுண்ணலை முறைகளின் சிறப்பு நேரச் சிக்கனம் மட்டுமன்று. குறைந்த கரைப்பானில் வேலை முடிவதால் ஆவியாக்க வேண்டிய அளவும் குறைகிறது. மீமாறுநிலைக் கார்பன் டை ஆக்சைடு முறையில் ஆவியாக்கும் படியே தேவையில்லை. 31 பாகை செல்சியசுக்கும் 74 பார் அழுத்தத்திற்கும் மேல் கரைப்பானாகச் செயல்படும் அவ்வாயு, அழுத்தம் தணிந்ததும் தானே பிரிந்துவிடும். காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனை நீக்க 1960-களில் ஜெர்மானியர் குர்ட் சோசெல் உருவாக்கிய வழி இதுவே. எனினும் உயர் அழுத்தத்திற்கு மின்சாரம் வேண்டும். முனைவுள்ள சேர்மங்களுக்குச் சிறிது எத்தனாலும் சேர்க்க வேண்டும். கருவியின் விலையோ பெரும்பாலான கல்லூரிகளுக்கு எட்டாதது.

சித்த மருத்துவத்தின் குடிநீர் வேறொரு வழியைக் காட்டுகிறது. நீரில் காய்ச்சி வற்றவைத்த சாறு முழுவதும் உலர்த்தப்படாமல் அப்படியே அருந்தப்படுகிறது. சாற்றைப் பொடியாக்கியே தீரவேண்டுமா என்பதைச் சோதனை வடிவமைப்பின்போதே முடிவுசெய்யலாம்.

விளைச்சல் விழுக்காட்டுடன் மூன்று அளவுகளையும் முறையியல் பகுதியில் தருதல் நலம்: ஒரு கிராம் சாற்றுக்கு ஆவியாக்கிய கரைப்பானின் அளவு, குளிர்விக்க ஓடிய நீர், செலவான மின்சாரம். மூன்றாவதை அறியச் சுழல் ஆவியாக்கியின் மின்செருகியில் ஒரு சிறு மின்மானி பொருத்தினால் போதும்.